வாத்தியார் கேட்ட எடை

குழாய் மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும்போது என் ஞாபகம் யாருக்கும் வராது, பொங்கலுக்கு ஒரு வாழ்த்துகூட வராது. பூமிக்குள் எங்காவது எஃகு சுருண்டு ஒடிந்து ஓர் எண்ணெய்க் கிணறு பாழானால் போதும், "எமிலி மேடம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று போன் அடிப்பார்கள். ஒரு எட்டாம்! சென்னையிலிருந்து ராமநாதபுரம் கடற்கரை ஒரு எட்டுத் தூரமா? முட்டி வலி எனக்கா அவர்களுக்கா?

இந்தத் தடவை கூடவே ஒரு வக்கீலையும் ஏற்றி அனுப்பினார்கள். பெயர் திருமாறன். காப்பீட்டுக் கம்பெனியின் ஆள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், சட்டைக் கையை மடிக்கவே மாட்டார். திண்டிவனம் வரைக்கும் சும்மா வந்தார். அதற்கப்புறம் ஆரம்பித்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியல. அது இரும்புக் குழாய்தானே? எப்படி நெளியும்?"

"உங்க வீட்டு பாத்ரூம் அடைச்சா நீளமா ஒரு கம்பி விடுவாங்களே, பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"அது ஒரு முழம் வரைக்கும் விறைப்பா போகும். நீளம் ஆக ஆக நீங்க இங்க தள்ளுறது அங்க போய்ச் சேராது, நடுவுலயே நெளிஞ்சுக்கும். இதுவும் அதேதான். கடல்ல படகு போகணும், வலை விரிக்கணும். அதுக்குத் தொந்தரவு வேண்டாம்னு கரையிலயே ரிக்கை, அதான் துளை போடுற கோபுரத்தை, நிறுத்தி, கடலுக்கு அடியில எட்டு கிலோமீட்டர் படுக்கையா துளை போடுறாங்க. முனையில இருக்கிற பிட் பாறையைத் தின்னணும்னா பின்னாலிருந்து எடை கொடுக்கணும். கொஞ்சம் அதிகமா கொடுத்தா குழாய் பாம்பு மாதிரி வளையும். அது பரவாயில்ல. இன்னும் கொடுத்தா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு துளையோட சுவர்ல இறுகிக்கும். அப்புறம் மலையையே தூக்கி வச்சாலும் முனைக்கு ஒண்ணும் போகாது. ஒடியத்தான் செய்யும்."

"எவ்வளவு கொடுக்கலாம்னு எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்லத்தானே வாத்தியார்."

வாத்தியார் என்பது ரிக் ஆட்கள் வைத்த பெயர். கம்பெனி அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் கணினிக்குள் அச்சு அசலாக ஓர் இரட்டைக் கிணறு. மேலே இருக்கிற குழாய் அசைவதற்கு முன்னால் அந்த இரட்டைக் குழாயை அசைத்துப் பார்த்து, இவ்வளவு எடை வை, நெளியாது என்று ஓர் எண் சொல்லும். நாட்டில் எல்லா ரிக்கிலும் அதே வாத்தியார்தான். ஒரு ரிக்கில் கற்றது அடுத்த நொடி எல்லா ரிக்குக்கும் தெரியும். சட்டத்துக்காக மட்டும் கைப்பிடியில் ஒரு மனிதக் கை இருக்க வேண்டும். உரிமம் வாங்கிய கை. வாத்தியார் எண் சொல்வார், கை அந்த எடையை வைக்கும்.

"அவர் இதுவரைக்கும் தப்பே சொன்னதில்லையாமே?" என்றார் திருமாறன்.

"ஆமா. அதனாலதான் அந்தப் பையன் தலை உருளுது."

நடந்தது இதுதான். இளம்பரிதி என்று ஒரு டிரில்லர். நெய்வேலிக்காரன், சென்னைப் பயிற்சிக்கூடத்தில் முதல் மாணவனாகத் தேறியவன். தனியாகக் கைப்பிடியைப் பிடித்த முதல் ஷிஃப்டு. வாத்தியார் இருபத்திரண்டு டன் சொன்னார். இவன் இருபத்திரண்டு வைத்தான். குழாய் சுருண்டு இறுகி ஒடிந்தது. ஒடிந்த வேகத்தில் மேலே இருந்த துண்டு எகிறி, தரையில் நின்ற மாரிச்சாமி என்கிற தொழிலாளியின் இடுப்பில் அடித்துவிட்டது. மதுரையில் படுத்துக் கிடக்கிறார். இனி நடப்பாரா என்று டாக்டர்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

அதே எடையில்தான் மற்ற கைகள் அதே பாறையில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓட்டியிருக்கின்றன. அப்படியானால் தப்பு கையில்தான். சட்டம் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. உரிமம் ஆயுளுக்கும் ரத்து, அதோடு ஜெயில். என் அறிக்கை போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

*

இளம்பரிதியைத் தகரக் கூண்டு மாதிரி இருந்த ஓர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துடைத்துவிட்டான். தனக்கும் ஒரு தரம் துடைத்துக்கொண்டான்.

"மேடம், வாத்தியார் சொன்னதைத்தான் வச்சேன். ஒரு கிலோ கூட்டல, குறைக்கல. பதிவு இருக்கு, பாருங்க."

"பார்த்தேன். பிட்டை வேகமா இறக்கினியா? வெடுக்குனு?"

"விதிப்படிதான் இறக்கினேன். முதல்ல பிட்டை அடியிலிருந்து தூக்கணும். தூக்கிட்டு நிறுத்தணும். ஆட்டம் அடங்கினதும் எடைமானிக்குச் சைபர் வைக்கணும். அப்புறம் மெதுவா இறக்கணும். எல்லாம் அப்படியே செஞ்சேன்." கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாரிச்சாமி அண்ணனைப் போய்ப் பார்க்கணும்னு கேட்டேன், விட மாட்டேங்கறாங்க. இங்க யாரும் எங்கிட்டப் பேசறதில்ல மேடம். அதுக்கு முன்னாலயும் பேசினதில்ல."

ஏன் என்று கேட்டேன். வந்த புதிதில் தலைக்கவசம் போடாத ஒருவரைப் பற்றி மேலே எழுதிப் போட்டுவிட்டானாம். அதிலிருந்து இவன் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுமாம். நல்ல பிள்ளைதான், என்ன செய்ய! நல்ல பிள்ளையோடு டீ குடிக்க யாருக்கும் பிடிக்காது. எனக்கே அவன் பேச்சு கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்கிற முகம் அது இல்லை. இத்தனை வருடத்தில் நான் பொய் முகங்கள் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு மாற்று ஷிஃப்டு காதர் மைதீன். கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் காதர் பாய். பழுத்த டிரில்லர். கைப்பிடி அறைக்குப் போய், "பாய், மேலே இருக்கிற நல்ல குழாய் கொஞ்சம் தொங்குதுல்ல, அதை வச்சு நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க. சும்மா ஒரு பாவனைக்கு" என்றேன். திருமாறன் மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுல என்ன மேடம் இருக்கு, பாத்துக்கங்க" என்றபடி பாய் ஒரு கையில் டீ, ஒரு கையில் கைப்பிடி. குழாய் ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் சைபர் பொத்தானைத் தட்டிவிட்டு வந்தது. கொசுவை அடிக்கிற மாதிரி அவ்வளவு இயல்பு. அப்புறம்தான் குழாய் நின்றது. அப்புறம் இறக்கினார்.

நான் நாற்காலியை அவர் கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பாய், இன்னொரு தரம் செய்ங்க."

செய்தார். அதே மாதிரி.

"ஏன் பாய், நிக்கிறதுக்கு முன்னாடியே சைபர் வைக்கிறீங்க?"

டீ தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். திருமாறனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது.

"அவர் இருக்கட்டும், எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

"என்ன ஆச்சு? சைபர்னா என்ன?" என்றார் திருமாறன்.

நானே சொன்னேன். "குழாய் ஏறும்போது சுவத்துல உரசிக்கிட்டு வரும். அப்போ கொக்கியில தொங்குற எடை நிஜத்தைவிட அதிகமா காட்டும். அந்த நேரத்துல சைபர் வச்சா, அப்புறம் இறக்கும்போது பிட் மேல வச்ச எடையும் நிஜத்தைவிட அதிகமாத் தெரியும். அதாவது திரையில இருபத்திரண்டுன்னு காட்டும், உள்ள அவ்வளவு இருக்காது. பாய், உள்ள எவ்வளவு இருக்கும்?"

"பத்து" என்றார் காதர் பாய்.



"எப்பவுமே பத்துதான் மேடம். வாத்தியாரு வந்த புதுசுல பன்னெண்டு கேட்டாரு. நீளக் கிணத்துல பன்னெண்டு வைக்க எங்களுக்கு மனசு ஒப்பல. பத்து வச்சா, ஏன் குறைச்சே, எடை பத்தல, வேகம் பத்தலன்னு ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். அப்போ யாரோ ஒருத்தன் ஏறும்போதே சைபர் தட்டிட்டான். திரையில பன்னெண்டு, உள்ள பத்து. ஆபீசுக்கும் சந்தோசம், எங்களுக்கும் நிம்மதி. ஆனா வாத்தியாரு சும்மா இருக்கல. பன்னெண்டு தாங்குதா, அப்போ பதினாலு வைன்னாரு. நாங்க கொஞ்சம் வேகமா தூக்கிக்கிட்டே தட்டினோம். பதினாலா தெரிஞ்சிச்சு, உள்ள பத்து. பதினாறுன்னாரு. பதினெட்டுன்னாரு. அவரு ஏத்த ஏத்த நாங்க கழிச்சுக்கிட்டே வந்தோம்."

"எல்லா ரிக்குலயுமா?"

"யாருக்குத்தான் உசிரு மேல ஆசை இல்ல?"

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"சொல்லிக் கொடுக்கிறதா? இதை வாயால சொன்னா உரிமம் போயிரும். பக்கத்துல உக்காந்து கையைப் பார்த்தா தானா வந்துரும்."

"இளம்பரிதி உங்க பக்கத்துல உக்காரலயா?"

காதர் பாய் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "உக்காந்தான். அவன் திரையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான் மேடம், என் கையைப் பார்க்கவே இல்ல. வாய் விட்டுச் சொல்லலாம்னு ரெண்டு மூணு தரம் நாக்கு வரைக்கும் வந்துச்சு. எழுதிப் போட்டிருவான்னு பயம். எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. அன்னைக்கு அவன் நிறுத்தி, ஆட்டம் அடங்கவிட்டு, நிதானமா சைபர் வைக்கிறதை நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். ஓடி வந்து தடுக்கிறதுக்குள்ள..." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "எழுதுங்க மேடம். என் பேரை எழுதுங்க. இந்தச் சுமையை இனிமே தூக்க முடியாது."

கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை வருடமாக வாத்தியார் தப்பே சொல்லவில்லை என்று மாலை போட்டுக் கொண்டாடினோமே, அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்த விரல். அவரை மேலே மேலே ஏற்றி உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்ததும் இதே விரல்தான்.

*

வெளியே வந்ததும் திருமாறன் சொன்னார், "மேடம், இதை எழுதினீங்கன்னா இளம்பரிதி தப்பிப்பான். ஆனா நாட்டில இருக்கிற ஒவ்வொரு கையும் மோசடிக் கேஸ்ல உள்ள போகும். எல்லா ரிக்கும் நிக்கும். எழுதலன்னா ஒரு ஆளோட போச்சு."

"அந்த ஒரு ஆள் உங்க தம்பியா இருந்தா?"

"அதனாலதான் எழுத உங்களை அனுப்பியிருக்காங்க, என்னை இல்ல."

வாயாடிதான். ஆனாலும் அவர் குரலிலும் தெம்பு இல்லை. வெயிலில் இரண்டு பேரும் ரிக்கைச் சுற்றி நடந்தோம். மேலே எடுத்த குழாய்களைத் தரையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி கிடந்தன.

எழுதுவதற்கு முன் ஒன்று பாக்கி இருந்தது. வாத்தியாரையும் விசாரிக்க வேண்டும். இவர்கள் கழித்துக்கொண்டு வந்த எடையை அவருக்குள் போட்டு மறுபடி கணக்குப் போடச் சொல்ல வேண்டும். அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அதிர்வதற்கு அவருக்கு மனசா மண்ணா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கைப்பிடி அறையில் உட்கார்ந்து, விசாரணை அதிகாரி என்று என் அடையாளத்தைக் காட்டிவிட்டுக் கேட்டேன்.

"விபத்தன்று இளம்பரிதிக்கு ஏன் இருபத்திரண்டு டன் சொன்னாய்?"

நிதானமான குரல். இதற்குமுன் எத்தனையோ தடவை கேட்ட அதே குரல்தான். "பன்னிரண்டு கிடைப்பதற்காக."

திருமாறன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"விளக்கமாகச் சொல்."

"இந்தக் கிணறு பன்னிரண்டு டன் தாங்கும். கைகள் சொன்ன எடையை வைப்பதில்லை. பிட் பாறையைத் தின்னும் வேகத்திலிருந்து இது தெரிகிறது. துளையின் சுவர் எடையைத் தின்பதுபோல் கையும் எடையைத் தின்கிறது. அதையும் ஓர் உராய்வாகக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டு கேட்டால் பத்துதான் கிடைத்தது. பதினான்கு கேட்டேன், அப்போதும் பத்துதான் கிடைத்தது. தொடர்ந்து கூட்டி வருகிறேன். இன்னும் பன்னிரண்டு கிடைக்கவில்லை."

"இளம்பரிதியின் கையிலும் அந்த உராய்வு இருந்ததா?"

"புதிய கை. தகவல் இல்லை. எல்லாக் கைகளின் சராசரியை எடுத்துக்கொண்டேன்."

"இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை."

மீன்சந்தையில் நடக்கிற பேரம் இது. வாங்குகிறவள் குறைப்பாள் என்று விற்கிறவள் ஏற்றிச் சொல்கிறாள், விற்கிறவள் ஏற்றியிருப்பாள் என்று வாங்குகிறவள் குறைக்கிறாள். இரண்டு பேருக்கும் இது பேரம் என்று தெரியும். நடுவில் ஒரு பையன் வந்து, சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டிவிட்டான்.

"அப்போ இந்த எண்ணே நிஜமில்லையா?" என்றார் திருமாறன். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாங்க இதை வச்சு எத்தனை பேரைத் தண்டிச்சிருக்கோம்!"



*

எல்லாவற்றையும் எழுதினேன். ஒளிக்காமல் எழுதினேன். கடைசியில் ஒரு யோசனையும் சேர்த்தேன். ஒரே நாளில், ஒரே நேரத்தில், எல்லா ரிக்கிலும் வாத்தியாரும் கைகளும் சேர்ந்து நிஜத்துக்கு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டால் இன்னொரு மாரிச்சாமி விழுவார்.

மேலிடத்து ஆட்கள் பெரிய அறையில் கூடிப் பேசினார்கள். ஒரே நாளில் எல்லாக் கையையும் நம்புவதா, ஒரு ரிக் ஒரு மணி நேரம் பின்தங்கினால் என்ன ஆகும், யார் பொறுப்பு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். பரிசீலனை என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். காதர் பாய் உட்பட யார் மீதும் வழக்கு இல்லை. எல்லோரையும் உள்ளே தள்ளினால் கைப்பிடி பிடிக்க ஆள் எங்கே போவது? இளம்பரிதி விதிப்படி நடந்தான், உரிமம் திரும்ப வந்தது. வாத்தியாரும் தனக்குக் கிடைத்த தகவல்படிதான் நடந்தார். ஆகவே யார் மீதும் தவறில்லை என்று தீர்ப்பு.

மதுரைக்குப் போய் மாரிச்சாமியிடம் இதைச் சொன்னது நான்தான். கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டார். "யாரு மேலயும் தப்பில்லன்னா சரிதான் மேடம்" என்றார். "ஆனா யாராச்சும் ஒருத்தர் வந்து, தெரியாம ஆயிப்போச்சுய்யான்னு சொல்லியிருக்கலாம்ல?" அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொன்னேன். என் தப்பு இல்லைதான், ஆனாலும் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை.

ஒரே ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. இளம்பரிதியின் கையைப் பற்றி வாத்தியாருக்கு இப்போது தகவல் இருந்தது. அந்தக் கை எதையும் தின்பதில்லை. அதனால் நாட்டிலேயே அவன் ஒருவனுக்கு மட்டும் வாத்தியார் நிஜமான எண்ணைச் சொல்வார். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இத்தனை அசிங்கத்துக்கு நடுவில் ஒரு நேர்மையான ஜோடியாவது மிஞ்சியதே என்று நினைத்தேன்.

பழைய துளையை மூடிவிட்டுப் பக்கத்தில் புதுத் துளை ஆரம்பித்தார்கள். அந்தக் கடினப் பாறையில் இளம்பரிதி இறக்கும் முதல் குழாய் நல்லபடியாக இறங்குகிறது என்று பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடவும் என்னையே கூப்பிட்டார்கள். ஆழம் இறங்கி, படுக்கைப் பகுதியிலும் வெகுதூரம் போய், அதே பாறை வந்த அன்று போனேன். காலை வெயில். கைப்பிடியில் இளம்பரிதி. கொஞ்சம் இளைத்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்து, நாற்காலியைத் துடைக்காமலேயே, "உக்காருங்க மேடம்" என்றான். காதர் பாய் ஷிஃப்டு முடிந்தும் போகாமல் கதவோரம் நின்றிருந்தார்.

"பன்னிரண்டு டன்" என்றார் வாத்தியார்.

காதர் பாய்க்கு அதே பாறையில் அன்று விடியற்காலையில்தான் இருபத்தாறு சொல்லியிருந்தார்.

இளம்பரிதி பிட்டை அடியிலிருந்து தூக்கினான். குழாய் ஏறியது. அவன் நிறுத்துவதற்காக நான் காத்திருந்தேன். அவன் நிறுத்தவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போதே விரல் போய்ச் சைபரைத் தட்டிவிட்டு வந்தது. பாய்க்கு இருந்த லாகவம் அதில் இல்லை. ஆனாலும் தட்டிவிட்டான்.

"தம்பி" என்றேன் மெதுவாக. "உனக்கு நிஜத்தைத்தான் சொல்றார். பன்னிரண்டு தாங்கும்."

"தெரியும் மேடம்." அவன் திரையைப் பார்க்கவில்லை, கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. "உங்க அறிக்கையைப் படிச்சுப் பார்த்துட்டேன், கணக்கும் போட்டுப் பார்த்துட்டேன். தாங்கும்னு நல்லாத் தெரியும். ஆனா நிறுத்தி நிதானமா சைபர் வைக்கணும்னு போனா மாரிச்சாமி அண்ணன் கத்தின சத்தம் காதுல கேக்குது. என்னால முடியல மேடம். நீங்க எழுதணும்னா எழுதிக்கங்க."

கதவோரத்தில் காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

திரையில் பன்னிரண்டு என்று காட்டியது. உள்ளே பத்து இருந்திருக்கும். குழாய் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் இறங்கி முடிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்கள். நான் எதுவும் எழுதவில்லை, கையெழுத்தை மட்டும் போட்டேன்.

அடுத்த குழாயை மாட்டினார்கள். இளம்பரிதி கைப்பிடியில் கை வைத்தான்.

"பதிமூன்று டன்" என்றார் வாத்தியார்.